ஒக்தாவி வீட்டுக்கு அதிகாரி வந்த நாள்

எங்கள் ஏரிக்கரையில் ஒக்தாவியின் வீட்டுத் தரையைப் பற்றிப் பேசாத ஆள் கிடையாது. அந்தத் தரையில் கஞ்சியைக் கொட்டி வழித்துக் குடிக்கலாம் என்பார்கள். பாராட்டு என்று நினைத்துவிடாதீர்கள். அவள் வாசலில் செருப்புக் காலை வைக்கப் பயந்து பாதிப் பேர் அந்த வீட்டுப் பக்கமே போவதில்லை. முதுகுக்குப் பின்னால் அவளுக்கு 'மதர்' என்று பட்டப்பெயர். கன்னியாஸ்திரீகளின் தலைவிக்கு அந்தப் பெயர். அது அவள் காதில் விழுந்தால் எப்படிச் சுடும் என்று பட்டம் வைத்தவர்களுக்குத் தெரியாமலில்லை. அவர்களும் அவளைப் போலவே கன்னியாஸ்திரீகளின் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியவர்கள்தானே.

ஆறு வயதில் அவளையும் அவள் அக்கா ஜெர்மேனையும் அரசாங்கத்து ஆட்கள் கட்டாயமாக விமானத்தில் ஏற்றி, ஏரிக்கு அந்தக் கரையில் இருந்த விடுதிப் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். பதினாறில் விட்டார்கள். நடுவில் என்ன நடந்தது என்று அவள் கட்டிய புருஷன் இசிடோருக்குக்கூடச் சொன்னதில்லை. வெளியே வந்தபோது அவளுக்குத் தரை துடைக்கத் தெரியும், இஸ்திரி போடத் தெரியும், வெள்ளைக்காரர் எதைக் கேட்டாலும் "எஸ், மேடம்" என்று சொல்லத் தெரியும். ஒரு பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளத் தெரியாது. பெற்ற மகன் கிளிஃபர்டுக்குச் சாப்பாட்டிலும் துணிமணியிலும் ஒரு குறை வைத்தவளில்லை. ஆனால் மரம் வெட்டும் முகாமுக்குப் போன அந்தப் பையன் எப்போதாவது வந்தால், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறையில் விருந்தாளி மாதிரி நிற்பான். "உக்காரு" என்பாள். உட்காருவான். அதோடு பேச்சு தீர்ந்துவிடும்.

போன குளிர்காலத்தில் ஜெர்மேன் செத்துப்போனாள். குடித்துவிட்டுப் பனியில் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. ஒரே பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர்களில் தங்கை துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டாள், அக்கா பாட்டிலைப் பிடித்துக்கொண்டாள், வேறென்ன சொல்ல. ஜெர்மேன் பெற்ற இரண்டும், எட்டு வயது ஜோலீனும் ஐந்து வயது டெரிலும், அவளைப் புதைத்த அன்றே ஒக்தாவி வீட்டுக்கு வந்துவிட்டன. இதில் யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? எங்கள் கிரீ பழங்குடி மக்களில் அம்மாவின் தங்கையும் அம்மாதான். சின்னம்மா என்று கூப்பிடுகிற பிள்ளையை யாராவது அடுத்த வீட்டுப் பிள்ளை என்பார்களா?

தெற்கே நகரத்தில் இருப்பவர்களுக்கு அப்படி இல்லை. தாய் செத்தால் பிள்ளை அனாதை, அனாதை என்றால் அரசாங்கத்துச் சொத்து. ஊருக்கு வந்துபோகிற நர்ஸ் யாரிடமோ சொல்லியிருக்கிறாள். ஆகஸ்ட் நடுவில் கடைக்காரரின் ரேடியோவில் சேதி வந்தது. நலத்துறையிலிருந்து ஓர் அம்மாள் வரப்போகிறார், வீட்டைப் பார்ப்பார், சரியில்லை என்றால் பிள்ளைகளைக் கையோடு அழைத்துக்கொண்டு போவார்.

அழைத்துக்கொண்டு போவது என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். கடைக்குப் பக்கத்து வீட்டுப் பவுலீனின் பிள்ளைகள் அப்படித்தான் 'கொஞ்ச நாளைக்கு' என்று போனார்கள். எந்த ஊரில், எந்த வீட்டில், என்ன பெயரில் இருக்கிறார்களோ, இன்றுவரை தகவல் இல்லை. விமானச் சத்தம் கேட்டால் போதும், பவுலீன் அடுப்பில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டுப் படகுத்துறைக்கு ஓடுவாள்.

சேதி கேட்டதிலிருந்து ஒக்தாவிக்குத் தூக்கம் போயிற்று. அவளுக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு பிஷப்போ இன்ஸ்பெக்டரோ வருகிறார் என்றால் கன்னியாஸ்திரீகள் என்ன செய்வார்கள்? தரையைச் சோடாக் காரம் போட்டுத் தேய்க்கச் சொல்வார்கள். பிள்ளைகளுக்குக் கஞ்சி போட்ட சட்டையை மாட்டிவிடுவார்கள். உயர வாரியாக வரிசையில் நிறுத்துவார்கள். வந்தவர் "பேஷ், பேஷ்" என்று சொல்லிவிட்டுப் போவார். வெள்ளைக்காரரைத் திருப்திப்படுத்த இதற்கு மேல் என்ன வேண்டும்? அவள் அதையே செய்ய ஆரம்பித்தாள்.

முதலில் தரை. அப்புறம் சுவர். அதற்கப்புறம் கொல்லையில் புகை போட்டுத் தொங்கவிட்டிருந்த மூஸ் மான் கறியை எல்லாம் இறக்கினாள். குளிர்காலம் முழுக்கத் தாங்கும் கறி அது. காய்ந்த மீன், கரடிக் கொழுப்பு, பிள்ளைகளுக்கு அவளே தைத்த தோல் செருப்பு, எல்லாவற்றையும் வாரிக் காட்டுக்குள் கொண்டுபோய்த் தார்ப்பாய் போட்டு மூடினாள். அந்த வாசம் வெள்ளைக்காரருக்கு ஆகாது. வாசத்துக்காக அவள் பள்ளியில் வாங்கிய அடி அவளுக்கு மறக்கவில்லை.

இசிடோர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவன் காலி அலமாரியைப் பார்த்து நின்றான். உள்ளே ஓட்ஸ் டப்பாவும் பால் டின்னும் ஒரு பிஸ்கட் பொட்டலமும்தான் இருந்தன.

"என்னடி இது, பிஷப்பா வர்றாரு?"

"அவரவிடப் பெரிய ஆளு. கால எடு, ஈரமா இருக்கு."

"இந்த அலமாரியப் பாத்தா எலிகூட அழுதுட்டுப் போகும். சாப்பாட்ட எங்கடி ஒளிச்ச?"

"நல்ல சாப்பாடு இருக்குல்ல. அவங்க சாப்பாடு."

"ஒக்தாவி, வர்றவ ஒரு சின்னப் பொண்ணுன்னு கடைக்காரரு சொன்னாரு. ஒரு டீயக் குடுத்து, கறியப் போட்டு, பிள்ளைங்க பாட்டுக்கு வெளையாடட்டும்னு விட்டாப் போச்சு."

அவள் துடைப்பதை நிறுத்தினாள். "உனக்கு என்னய்யா தெரியும்? பள்ளிக்கூடத்துக்குப் பிடிச்சிட்டுப் போக வந்தப்ப உங்கப்பா உன்னக் காட்டுக்குள்ள ஒளிச்சு வச்சுக் காப்பாத்திட்டாரு. நீ அவங்களக் கிட்டப் பாத்ததே இல்ல. நான் பாத்தவ. என் விஷயத்துல தலையிடாத."

இசிடோர் வலையைக் காயப்போட வெளியே போனான். அந்த ஒரு விஷயத்தில் அவள் பக்கம்தான் நியாயம் என்று அவனுக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு.

பிள்ளைகளுக்குப் பயிற்சி தொடங்கியது. கதவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். இரண்டு கைகளையும் நீட்டி நகத்தைக் காட்ட வேண்டும். டெரிலுக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது, அதனால் அவனுக்கு ஒரே பாடம்.

"அந்தம்மா எது கேட்டாலும் எஸ், மேடம். அவ்ளோதான்."

"என்ன கேப்பாங்க, சின்னம்மா?"

"அது உனக்கெதுக்கு? எஸ், மேடம். 'நோ'ங்கிற வார்த்தை மட்டும் வாயில வரக் கூடாது. ரெண்டு பேருக்கும்தான் சொல்றேன்."

"ஒண்ணுக்கு வந்தா?"

"அதுக்கும் எஸ், மேடம்தான்."

அவனுக்கு அது பெரிய வேடிக்கையாகப் போயிற்று. நாயைப் பார்த்து எஸ், மேடம். படகைப் பார்த்து எஸ், மேடம். ஜோலீன் சிரிக்கவில்லை.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் ஒக்தாவி கத்தரிக்கோலை எடுத்தாள். ஜோலீனுக்கு இடுப்பு வரை இரட்டைப் பின்னல். எங்களில் முடியை வெட்டுவது வீட்டில் சாவு விழுந்தால்தான். ஜெர்மேன் செத்தபோதுகூட நுனியில் கொஞ்சம்தான் எடுத்தார்கள். ஆனால் பின்னல் என்றால் பேன் என்றுதான் அவர்கள் நினைப்பார்கள், அது ஒக்தாவிக்குத் தெரிந்த வரலாறு. நாற்காலியில் உட்காரவைத்து, காதுக்குக் கீழே கத்தரிக்கோலை அழுத்தி வெட்டினாள். ஒரு பின்னல் மடியில் விழுந்தது.

ஜோலீன் அதைப் பார்த்தாள். "இப்ப யாரு செத்தா, சின்னம்மா?"

"யாரும் சாகல. அசையாம இரு."

இரண்டாவது பின்னலும் விழுந்தபோது இசிடோர் உள்ளே வந்தான். இரண்டையும் எடுத்து ஒரு துணியில் சுற்றினான். அப்புறம்தான் பேசினான்.

"அவங்க வந்து செய்ய வேண்டிய வேலைய நீயே முடிச்சு வச்சுட்ட."

"நாளைக்கு நீ வீட்ல இருக்காத. வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்ட. வலைக்குப் போயிடு."

போய்விட்டான். விடியும்போதே படகை எடுத்துக்கொண்டு தூரத்துத் தீவுப் பக்கம் போய்விட்டான். அவள் சொன்னதற்காகப் போனானா, பார்க்கச் சகிக்காமல் போனானா என்பது அவனுக்கே வெளிச்சம்.

காலையில், சக்கரத்துக்குப் பதில் மிதவை பூட்டிய விமானம் ஏரியில் வந்து இறங்கியது. மிஸ் ஹால்வர்சன் நிஜமாகவே சின்னப் பெண்தான். மூக்கெல்லாம் புள்ளி, காலில் நகரத்துச் செருப்பு, நாயைக் கண்டால் பயம். கதவைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். கஞ்சி போட்ட உடுப்பில் இரண்டு பிள்ளைகள், கோணலாக வெட்டிய தலைமுடி, நீட்டிய கைகள், வாயில் ஒரு சத்தம் இல்லை.

"இவங்க என்ன பண்றாங்க?"

"கை சுத்தமா இருக்குன்னு காட்றாங்க, மேடம்," என்றாள் ஒக்தாவி. அவள் குரலில் பெருமை இருந்தது. பாவி, பெருமை இருந்தது.

அந்தப் பெண் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு பொம்மை இல்லை, சுவரில் ஒரு படம் இல்லை. அலமாரியைத் திறந்தாள்.

"வீட்ல இருக்குற சாப்பாடு இவ்ளோதானா?"

"எஸ், மேடம்."

"இவளுக்கு முடி வெட்டினது யாரு?"

"நான்தான், மேடம். பேன் எதுவும் இல்ல, மேடம்."

மிஸ் ஹால்வர்சன் ஜோலீனிடம் ஏதோ கேட்டாள். ஜோலீனுக்கு இங்கிலீஷ் புரியும், ஆனால் பதில் சொல்லாமல் சின்னம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அதிகாரி அதைக் கவனித்துக்கொண்டாள். பிறகு டெரிலுக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள். நல்ல மனசுக்காரிதான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

"இங்க இருக்க உனக்குப் பிடிச்சிருக்கா, கண்ணு?"

"எஸ், மேடம்."

"இப்பப் பசிக்குதா?"

"எஸ், மேடம்."

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள்.

"உன்ன இங்க யாராவது அடிக்கிறாங்களா?"

டெரில் ஓரக்கண்ணால் சின்னம்மாவைப் பார்த்தான். எல்லாம் சரியாகச் சொல்கிறோம் என்ற சந்தோஷம் அவனுக்கு. முன்னைவிடச் சத்தமாகச் சொன்னான். "எஸ், மேடம்."

அந்த இடத்தில் ஒக்தாவி வாயைத் திறந்திருக்க வேண்டும். பையனுக்குக் கேள்வியே புரியவில்லை, நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று இரண்டு வார்த்தை போதும். நாக்கு எழவில்லை. பெரியவர் கேள்வி கேட்கும்போது வரிசையில் நிற்பவள் குறுக்கே பேசினால் என்ன நடக்கும் என்று அவள் உடம்புக்குத் தெரியும். நாற்பது வயதுக்காரி அங்கே நிற்கவில்லை, ஆறு வயதுக்காரிதான் நின்றாள்.

மிஸ் ஹால்வர்சன் எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "மிசஸ் ஒக்தாவி, நீங்க அவங்களுக்குச் சித்திதான், சட்டப்படி உங்களுக்கு உரிமை எதுவும் இல்ல. இன்னிக்கே பிள்ளைங்கள என்கூடக் கூட்டிட்டுப் போறேன். கொஞ்ச நாளைக்குத்தான். அவங்க துணிய எடுத்து வச்சுத் தர்றீங்களா?"

"எஸ், மேடம்," என்றாள் ஒக்தாவி.

சொல்லிவிட்டாள். நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. சொன்னதோடு விட்டாளா? உள்ளே போய் ஒவ்வொரு சட்டையாக எடுத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்து, இரண்டு மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். அதிகாரி முன்னால் போக, பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக நடக்க, கடைசியில் இவள் துறைக்குப் போனாள்.

துறையில் வழக்கம்போலக் கும்பல். பவுலீன் எல்லாருக்கும் முன்னால் நின்றாள். பிள்ளைகளின் கையில் மூட்டையைப் பார்த்ததும் அவள் முகம் செத்துவிட்டது. விமானி ரோரி பல வருஷமாக எங்கள் கரைக்கு வந்துபோகிறவன். அவன் பிள்ளைகளையும் பார்க்காமல், எங்களையும் பார்க்காமல், ஏரிக்கு மேலே இறங்கிக்கொண்டிருந்த மூடுபனியையே பார்த்தான்.

"சீக்கிரம் ஏறுங்க. இது மூடிட்டா இன்னிக்கு இங்கேயேதான்."

டெரிலைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். முதல் தடவை விமானம் ஏறுகிற குஷியில் அவன் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டான். ஜோலீன் மிதவைமேல் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பி ஒக்தாவியைப் பார்த்தாள். அழுகை இல்லை, கெஞ்சல் இல்லை. நீ இப்போது என்ன செய்யப் போகிறாய் என்று ஒரு பார்வை.

அந்தப் பார்வையை ஒக்தாவிக்குத் தெரியும். இதே துறையில், இதே மாதிரி விமானத்திலிருந்து, அவளே தன் அம்மாவை அப்படிப் பார்த்திருக்கிறாள். அம்மா கையைக் கட்டிக்கொண்டு கரையில் நின்றாள். ஓடி வரவில்லை, கத்தவில்லை. என்னை வேண்டாம் என்றுதான் அனுப்பினாள் என்று ஒக்தாவி பள்ளியில் ஒவ்வொரு நாளும் நினைத்தாள். திரும்பி வந்த பிறகும் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, அவள் சாகிறவரை பேசவில்லை. இப்போது குனிந்து பார்த்தால் தன் கைகளும் கட்டித்தான் இருந்தன.

"நோ," என்றாள்.

குரல் வெளியே வரவில்லை. மிஸ் ஹால்வர்சன் இன்னொரு காலைத் தூக்கி வைக்க ஜோலீனுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒக்தாவி உடுப்போடு தண்ணீரில் இறங்கினாள். முழங்காலுக்கு மேல் நனைந்தபடி விமானத்தின் மூக்குப் பக்கம் போய், மிதவையின் முனையில் ஏறி, விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"நோ, மேடம்."

"நீங்க ஒத்துக்கிட்டீங்களே," என்றாள் அந்தப் பெண். நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை. "அந்த இடம் ஆபத்து. எழுந்திரிங்க, ப்ளீஸ்."

"ஒத்துக்கிட்டேன். அது பயம், மேடம். என் சம்மதம் இல்ல."

"போலீஸக் கூப்பிட வேண்டியிருக்கும். அப்புறம் உங்க பக்கம் பேச யாராலயும் முடியாது."

"கூப்பிடுங்க. அவங்களும் இந்த விமானத்துலதான வரணும். நான் இங்கதான் உக்காந்திருப்பேன்."

ரோரி இன்ஜின் சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டான். பவுலீன் செருப்பைக்கூடக் கழற்றாமல் தண்ணீரில் இறங்கி வந்து அடுத்த மிதவையின் முனையில் உட்கார்ந்தாள். பேச அவளுக்கு என்ன பாக்கி இருந்தது?

"அந்தப் பையன் அடிக்கிறாங்கன்னு சொன்னான்," என்றாள் மிஸ் ஹால்வர்சன். "நான் அத எப்படி விட்டுட்டுப் போக முடியும்? நீங்களே சொல்லுங்க."

"அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது, மேடம். எது கேட்டாலும் எஸ் சொல்லுன்னு நான்தான் பழக்கினேன். கறிய ஒளிச்சு வச்சதும் நான்தான். காட்டுல தார்ப்பாய்க்குக் கீழ ஒரு குளிர்காலத்துக்குக் கறி கெடக்கு. வந்து பாருங்க. உங்களுக்கு அந்த வாசம் புடிக்காதுன்னு ஒளிச்சேன்."

"ஏன்? நான் அப்படி எதுவும் கேக்கலயே."

"நீங்க கேக்கல. உங்களுக்கு முன்னாடி வந்தவங்க கேட்டாங்க."

ரோரிக்கு எங்கள் மொழி அரைகுறையாக வரும். அவன் பின்னால் திரும்பி டெரிலிடம் கிரீயிலேயே கேட்டான். "டேய், சின்னம்மா உன்ன அடிப்பாங்களா?"

டெரில் யோசித்தான். "அடிக்க மாட்டாங்க. குளிக்க வைக்கும்போது கழுத்த ரொம்பத் தேய்ப்பாங்க. எரியும்."

ரோரி அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னான். கும்பலில் யாரோ சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். மிஸ் ஹால்வர்சன் நெற்றியைத் தேய்த்தாள். தீவுகள் ஒவ்வொன்றாக மூடுபனியில் மறைந்துகொண்டிருந்தன.

"மேடம், நான் கெளம்பணும்," என்றான் ரோரி. "யார் ஏறுறாங்களோ அவங்களோட. அவங்க ரெண்டு பேரும் எந்திரிச்சாத்தான் இந்த வண்டி நகரும். முடிவ நீங்க சொல்லுங்க."

நேரம் போய்க்கொண்டிருந்தது. ஒக்தாவிக்குப் பல் கிட்டியது, எங்கள் ஏரி ஆகஸ்டிலும் அப்படித்தான். கடைசியில் அந்தப் பெண் டெரிலின் இடுப்பைப் பிடித்துத் தூக்கித் துறைப் பலகைமேல் இறக்கினாள். ஜோலீன் தானே குதித்து இறங்கினாள்.

"இது முடிஞ்சுபோன விஷயம் இல்ல, மிசஸ் ஒக்தாவி. நடந்தத நான் எழுதித்தான் ஆகணும். ஏரி உறையறதுக்குள்ள திரும்ப வருவேன்."

"வாங்க, மேடம். அப்ப வீட்ல கறி வாசம் அடிக்கும்."

விமானம் போயிற்று. கும்பல் கலைந்தது. பவுலீன் பிழியப் பிழியத் தண்ணீர் சொட்டும் பாவாடையோடு, ஒக்தாவியின் தோளை ஒரு தடவை தொட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். துறையில் மூன்று பேர் மட்டும் மிஞ்சினார்கள். ஜோலீன் கையிலிருந்த மூட்டையைக் கீழே வைக்கவில்லை.

"வாம்மா, வீட்டுக்குப் போலாம்," என்றாள் ஒக்தாவி.

ஜோலீன் நகரவில்லை. "நீ மொதல்ல சரின்னு சொன்ன."

"ஆமா."

"துணிய நீதான் மடிச்ச."

"ஆமா. நான்தான் மடிச்சேன்."

"எங்கம்மாவா இருந்தா சரின்னு சொல்லியிருக்க மாட்டா."

அதற்கு ஏதாவது சமாதானம் சொல்லி இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். சாப்பிட வா என்றிருக்கலாம். அதைத்தான் அவள் ஆயுசு முழுக்கச் செய்திருக்கிறாள். இந்தத் தடவை அவள் பலகைமேல் உட்கார்ந்தாள்.

"சொல்லியிருக்க மாட்டா. உங்கம்மா என்ன மாதிரி இல்ல. அங்க எது சொன்னாலும் முடியாதும்பா. அதுக்காகவே அவளுக்குத் தெனமும் அடி. நான் வரிசைல நின்னு பாத்துட்டே இருப்பேன். அவளுக்கு விழற அடியப் பாத்துப் பாத்துத்தான் நான் சரி, சரின்னு சொல்லப் பழகினேன்."

"எங்க?"

"அந்தக் கரையில. பள்ளிக்கூடத்துல."

"அம்மா அதச் சொன்னதே இல்ல."

"நானும் யாருக்கும் சொன்னதில்ல. உக்காரு. சொல்றேன்."

ஜோலீன் மூட்டையை வைத்துவிட்டு, நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள். கல்லெறிந்துகொண்டிருந்த டெரில் ஓடிவந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டான்.